பாடும் முறையும்

உழைத்து வாழ்வார் எவர்க்கும் ஒரு காலத்து வந்து சேர்வதொரு தளர்ச்சி உண்டு. தொழிலிடத்துக் கடமைகள் ஒருபுறம் இழுக்க, இல்லத்துக் கடமைகள் மறுபுறம் இழுக்க, இடைநின்ற மனிதன் எதனையும் அளவறிந்து காண இயலாதவனாகின்றான். கண்ணருகே பிடித்த உள்ளங்கை கடலையே மறைத்துவிடும். அதுபோல, அன்றைக்கு முடியாது நின்ற சிறு வேலை ஒன்று வாழ்நாள் முழுவதையும் மறைத்து நிற்கும். இந்நிலையினர்க்கு உலகோர் கூறும் அறிவுரை யாவரும் அறிந்ததே. மனத்தை அடக்குக, கவலையை விடுக, பொறுமை கொள்க என்பர். அவ்வறிவுரை பொய்யன்று; ஆயினும் அது மட்டும் போதாது என்பது என் துணிபு. இழந்த தெளிவு மனத்தை அடக்குவதனால் மட்டும் மீள்வதன்று. சுமையைப் பலர் கூடிப் பகிர்ந்து, அதற்கு எல்லை வகுப்பதனாலேயே மீள்வது.

இதனை விளக்க நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. சென்னைக்கு வடக்கே, கிழக்கில் வங்கக் கடலும் மேற்கில் உப்பங்கழியும் சூழக் கிடப்பது காட்டுப்பள்ளி. அதற்குத் தெற்கே எண்ணூர் முகத்துவாரம். வடக்கே பழவேற்காட்டு ஏரி. அவ்வேரியின் மீனவரிடையே தொன்றுதொட்டு வழங்கிவருவது 'பாடு' என்னும் ஏற்பாடு. இறாலும் மீனும் மிகுதியாகக் கிடைக்கும் இடங்கள் சிலவே, வலைகளோ பல. வலியவன் முந்திக்கொண்டால் எளியவன் பட்டினி. எளியவனும் முந்த முயன்றால் இருவர்க்கும் உறக்கமில்லை. ஆதலின் ஊரார் கூடி, உரிமையுடையோர்க்குள் சீட்டுக் குலுக்கி, இன்னார் இன்ன இடத்தில் இன்ன முறையில் வலையிடுக என்று வரையறுத்தனர்.

தமிழ் பயில்வார் இச்சொல்லைச் சற்று நோக்குதல் வேண்டும். 'பாடுபட்டேன்' என்னும்போது அச்சொல் துன்பத்தையும் கடும் உழைப்பையும் குறிக்கின்றது. 'அவனவன் பாடு அவனவனுக்கு' என்னும்போது ஒருவன் தனித்துச் சுமக்கும் பாரத்தைக் குறிக்கின்றது. ஏரிக்கரையிலோ அதுவே ஒருவனுக்கு உரிய பங்காகவும் முறையாகவும் நிற்கின்றது. தன் முறை எப்பொழுது வரும் என்று அறிந்தவன், முறையில்லாத நாளில் பிறன் வலையை நோக்கி நெஞ்சு புழுங்கவேண்டுவதில்லை. அவன் வேறிடத்துத் தொழில் செய்யலாம், கிழிந்த வலையைச் செப்பனிடலாம், பிள்ளைகளோடு பேசியிருக்கலாம். நீர்ப்பரப்பு முழுதும் தன் தலைமேல் இல்லை என்பதை அவனுக்கு உணர்த்துவது வேதாந்தமன்று. ஊர் வகுத்த முறையே.

அதே கரையில் இன்று வேறொரு முறையும் நடைபெறுகின்றது. எண்ணூரில் 2001ஆம் ஆண்டிலும் காட்டுப்பள்ளியில் 2013ஆம் ஆண்டிலும் துறைமுகங்கள் தொழிற்படத் தொடங்கின. ஆங்குக் கப்பல் வருவதற்கு இரவென்றும் பகலென்றும் இல்லை. தொழிலாளர் 'ஷிப்டு' வகுத்து மாறி மாறி வேலை செய்கின்றனர். இரண்டும் முறைகளே. எனினும் பாடு, பலரும் பிழைத்தற்பொருட்டு வகுக்கப்பட்டது. ஷிப்டு, இயந்திரம் நில்லாமைப்பொருட்டு வகுக்கப்பட்டது. இரவு வேலை முடித்துக் காலையில் வீடு திரும்பும் தந்தை, பள்ளிக்குப் புறப்படும் மகனை வாயிற்படியில் ஒரு கணம் காண்கின்றார். மாலையில் மகன் திரும்பும்போது அவர் மீண்டும் வேலைக்குப் புறப்படும் நேரமாகின்றது. ஒரே கூரையின்கீழ் இருவரும் இருவேறு நாள்களில் வாழ்கின்றனர். அத்தகையாரை நோக்கி 'மனத்தை அடக்குக' என்று மட்டும் கூறியமைவது, பசித்தவனுக்கு உணவின் சுவையை விரித்துரைப்பதனையே ஒக்கும்.

இவ்வுண்மையை வடசென்னைத் தொழிலாளர் நெடுநாள் முன்னரே உணர்ந்தனர். 1918ஆம் ஆண்டு ஏப்பிரல் 27ஆம் நாள் வாடியா, திரு.வி.க. முதலியோர் துணையோடு பெரம்பூர் ஆலைத் தொழிலாளர் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை நிறுவினர். நண்பகல் உணவிற்கு விடும் நேரம் போதாமை அவர்தம் முதற் குறைகளுள் ஒன்று. 1923ஆம் ஆண்டு மே முதல் நாளில் சிங்காரவேலர் சென்னையில் தொழிலாளர் நாளைக் கொண்டாடினார். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வாரத்திற்கு 48 மணி நேரம் என்ற எல்லையையும், வாரத்தில் ஒரு நாள் விடுமுறையையும் விதித்தது. அவ்வெல்லை தானே நிலைத்து நிற்பதன்று. 2023ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில், ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடந்தரும் சட்டமுன்வடிவு தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நிறைவேறிற்று. எதிர்ப்பு எழவே, அது மீளப் பெறப்பட்டதாக அவ்வாண்டு மே முதல் நாளில் முதலமைச்சர் அறிவித்தார். பலர் கூடி வகுத்த எல்லையைப் பலரும் கூடிக் காத்தலும் வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

'வேலையை நிறுத்தினால் வருவாய் போமே' என்பார் உளர். தனியொருவன் நிறுத்தினால் போகும் என்பது மெய்யே. ஆயின் ஆண்டுதோறும் ஏப்பிரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் காசிமேட்டு விசைப்படகுகள் யாவும் கரையில் நிற்கின்றன. மீனினம் பெருகற்பொருட்டு அரசு விதித்த தடைக்காலம் அது. மீனவர் குடும்பங்களுக்கு அரசு உதவித்தொகையும் வழங்குகின்றது. எல்லாரும் ஒருங்கே நிற்பதனால் எவனும் பிறனுக்குப் பிற்படுவதில்லை. மீனுக்கு வேண்டும் ஓய்வைச் சட்டத்தால் காக்கும் நாம், மனிதர்க்கு வேண்டும் ஓய்வை அவரவர் சாமர்த்தியத்திற்கு விட்டுவிடுதல் முறையாகுமா?

பாடு என்னும் ஏற்பாட்டைக் குற்றமற்றதென்று யான் புகழவில்லை. உரிய குடியிற் பிறந்த ஆடவர்க்கே அதிற் பங்குண்டு. பிற சாதியார்க்கும் பெண்டிர்க்கும் இல்லை. இக்குறை ஏரிக்கரையோடு நிற்பதுமன்று. நம் திருமறையின் ஓய்வுநாட் கட்டளை மகனையும் மகளையும், ஏவலாளரையும், கால்நடைகளையும், அயலாரையும் எண்ணி எண்ணிக் கூறுகின்றது. மனைவியைத் தனியே கூறிற்றில்லை. 'நீ' என்பதனுள் அவளும் அடங்குவாள் என்பர் உரைகாரர். அடங்கட்டும்; ஆயினும் ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் நம் வீட்டு அடுப்பருகே நிற்பவர் யாவர் என்று நோக்கினால், கட்டளை இன்னும் அவளைச் சென்றடையவில்லை என்பது விளங்கும். அவளுக்கு ஷிப்டு இல்லை, தடைக்காலம் இல்லை, முறை மாற்ற வருவாரும் இல்லை.

ஆதலின், மாணவ நண்பர்காள், விடுமுறையில் இளைப்பாற வீடு செல்லும் நாம், நம் இளைப்பாறுதல் எவர் தோள்மேல் ஏறி அமர்கின்றது என்று எண்ணுவோமாக. தண்ணீர் பிடித்தல், அடுப்பு வேலை, தம்பி தங்கையர்க்குப் பாடஞ் சொல்லுதல் ஆகியவற்றைச் சீட்டுக் குலுக்கி முறை வகுத்துக்கொள்வது கடினமன்று. நாள்தோறும் இன்ன நேரம் தன்னுடையது என்று தாய் அறிந்திருப்பாளாயின், அந்நேரத்தில் அவள் உறங்கினும், படிப்பினும், வாளா இருப்பினும் அது அவளுக்கு உரியதே. ஆலைகளிலும் அலுவலகங்களிலும் பொறுப்பேற்றுள்ள பழைய மாணவர்க்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. பணிமுறைப் பட்டியலை முன்னதாகவே அறிவியுங்கள். விடுமுறை என்று கொடுத்த நாளைத் திரும்ப வாங்காதீர்கள். பாடு எவர்க்கும் உண்டு. அதற்கொரு முறையும் உண்டு என்று அறிந்தவனே தலைநிமிர்ந்து தொலைவை நோக்க வல்லவனாகின்றான்.