உரிமம் தரும் திறனை முதலில் வளர்ப்போம்

அன்றைய அணு உலைத் தொழில்நுட்பங்கள் சிங்கப்பூருக்கு ஒத்துவராது என்று 2012ல் வெளியான ஆய்வு சொன்னது. 2025 பிப்ரவரி வரவுசெலவுத் திட்ட உரையில், அணுமின்சாரத்தை இங்கு பயன்படுத்தும் சாத்தியத்தை அரசு ஆராயும் என்றார் பிரதமர் லாரன்ஸ் வோங். மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காட்டுக்கு இயற்கை எரிவாயுவை நம்பியிருக்கும் நாடு இப்படி யோசிப்பது நியாயமே. இதுபற்றிப் பேச்செழும்போதெல்லாம் கதிரியக்கம் கசியுமா, கழிவை எங்கே வைப்பது என்று கேட்கிறோம். அவற்றோடு இன்னொரு கேள்வியையும் கேட்டாக வேண்டும். ஆபத்து நேரத்தில் உலையை நிறுத்த வேண்டிய கருவிகளும் கணினிகளும் தவறாமல் இயங்கும் என்று, யார் எந்த ஆதாரத்தைப் பார்த்து உரிமம் தரப்போகிறார்கள்? அந்த ஆதாரத்தை எடைபோடும் திறன், எந்த உலை என்று தீர்மானிப்பதற்கு முன்பே நம்மிடம் இருக்க வேண்டும்.

அளவுக் கருவி பொய் சொன்னால் என்னாகும் என்பதை அமெரிக்காவின் மூன்று மைல் தீவு நிலையம் 1979 மார்ச் 28ல் காட்டியது. அழுத்தத்தைக் குறைக்கத் திறந்த வால்வு ஒன்று மூடாமல் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் இருந்த விளக்கோ, மூடுவதற்கான மின்கட்டளை போய்விட்டதா என்பதை மட்டுமே காட்டியது. வால்வு உண்மையில் மூடியதா என்று காட்டவில்லை. விளக்கு அணைந்ததும் வால்வு மூடிவிட்டது என்று ஊழியர்கள் நம்பினார்கள். இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் குளிர்விக்கும் நீர் வெளியேறியது. உலையின் மையப்பகுதியில் ஏறத்தாழ பாதி உருகியது. எரிபொருளிலோ கட்டுமானத்திலோ இருந்த கோளாறு அல்ல, கருவி தந்த அரைகுறைத் தகவலே ஊழியர்களைத் தவறான முடிவுக்குத் தள்ளியது.

இன்றைய உலைகளில் அளவுகளைக் கவனித்து உலையை நிறுத்தும் பொறுப்பின் பெரும்பகுதி கணினிகளிடம் இருக்கிறது. ஒரே அழுத்தத்தையோ வெப்பநிலையையோ நான்கு தனித்தனி உணர்கருவிகள் அளக்கும். நான்கில் இரண்டு ஆபத்து என்று சொன்னால் கட்டுப்பாட்டுத் தண்டுகள் உள்ளே விழுந்து உலை நின்றுவிடும். ஒரு கருவி பழுதானாலும் மற்றவை காப்பாற்றும். ஆனால் நான்கு வரிசைகளிலும் ஓடுவது ஒரே நிரல் என்றால், அதிலுள்ள ஒரு பிழை நான்கையும் ஒரே நொடியில் ஊமையாக்கிவிடலாம். உரிமம் வழங்குவோரை உறங்கவிடாத சிக்கல் இதுதான். பம்பு தேய்வதைப்போல நிரல் தேய்வதில்லை. எழுதிய நாளில் புகுந்த பிழை, அதற்கென்று ஒரு சூழல் வரும்வரை மறைந்தே கிடக்கும். சோதித்தே கண்டுபிடிக்கலாமே என்றால், கணக்கு மலைக்க வைக்கிறது. உலையை நிறுத்தும் நிரல் 10,000 முறை தேவைப்பட்டால் ஒரு முறைக்கு மேல் தவறாது என்பதை 99 விழுக்காடு நம்பிக்கையோடு காட்ட, ஏறத்தாழ 46,000 சோதனைகளை ஒரு பிழையுமின்றி முடிக்க வேண்டும். அந்தச் சோதனைகளும் உலையின் உண்மையான சூழல்களை ஒத்திருக்க வேண்டும். அதனால்தான் தேர்ந்த கண்காணிப்பு அமைப்புகள் சோதனை முடிவோடு திருப்தியடையாமல், நிரல் எப்படி எழுதப்பட்டது, யார் சரிபார்த்தார்கள் என்ற ஆவணங்களையும் கேட்கின்றன.

சூழலுக்காகக் காத்திருக்கும் பிழையை நாமும் கண்டிருக்கிறோம். 2017 நவம்பர் 15ல் ஜூ கூன் நிலையத்தில் நின்ற ரயில்மீது பின்னால் வந்த ரயில் மோதி, 30க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். பழுதான சமிக்ஞைச் சுற்று ஒன்றை முதல் ரயில் கடந்தபோது, அதற்கான மென்பொருள் பாதுகாப்பு தவறுதலாக நீங்கியிருந்தது. ஆறு பெட்டி ரயிலை மூன்று பெட்டி ரயில் என்று கணினி எடுத்துக்கொண்டது. ரயில் வேறு, உலை வேறு என்பது உண்மையே. ஆனால் தனித்தனியே சிறிதாகத் தெரியும் இரண்டு குறைகள் சேரும்போது கணினியின் பாதுகாப்பு எப்படிக் கழன்றுபோகும் என்பது இரண்டுக்கும் பொதுவான பாடம்.

மற்ற நாடுகள் இந்தப் பாடத்துக்குக் காலத்தையும் பணத்தையும் கொடுத்தன. கனடாவின் டார்லிங்டன் நிலையத்தில் உலையை நிறுத்தும் மென்பொருளை வரிவரியாகச் சரிபார்த்த பிறகே அனுமதி கிடைத்தது. அதுவும் பின்னர் திருத்தி எழுத வேண்டும் என்ற நிபந்தனையோடு. 1995ல் இயங்கத் தொடங்கிய பிரிட்டனின் சைஸ்வெல் பி, கணினிப் பாதுகாப்போடு கணினி சாராத இரண்டாவது பாதுகாப்பையும் வைத்தது. 2009 நவம்பரில் பிரிட்டன், பிரான்ஸ், பின்லாந்து நாடுகளின் கண்காணிப்பு அமைப்புகள் அரேவா நிறுவனத்தின் இபிஆர் வகை உலைபற்றிக் கூட்டாக அறிக்கை விட்டன. அன்றாட இயக்கத்துக்கான கணினியும் ஆபத்துக் காலக் கணினியும் போதுமான அளவு தனித்து நிற்கவில்லை என்பதே அவற்றின் கவலை. கணினி சாராத மாற்று அமைப்பைச் சேர்க்க ஒப்புக்கொண்ட பிறகே 2012 டிசம்பரில் பிரிட்டன் அந்த வடிவமைப்பை ஏற்றது. 2009ல் முடிந்திருக்க வேண்டிய, அதே வகையைச் சேர்ந்த பின்லாந்தின் ஒல்கிலுவோட்டோ 3 உலை, முழுமையாக இயங்க 2023 ஏப்ரல் ஆயிற்று. தாமதத்தின் காரணங்களில் இந்தக் கட்டுப்பாட்டுக் கருவிகளும் ஒன்று.

அமெரிக்கா ஆராய்ந்து ஒப்புதல் தந்த உலையை வாங்கினால் போதாதா என்று கேட்கலாம். பிறர் செய்த ஆய்வைப் பயன்படுத்திக்கொள்வது அறிவுடைமை. ஆனால் அதைப் படித்துக் குறை சொல்லத் தெரிந்தவர்களுக்குத்தான் அது பயன்படும். பின்லாந்தின் மக்கள்தொகை சிங்கப்பூருடையதைவிடக் குறைவு. இருந்தும் அந்நாடு தன் கண்ணாலேயே பார்த்தது. புதிய சிறிய உலைகள் கணினி இல்லாமலேயே இயற்கை விதிகளால் தணியும் என்பது அடுத்த வாதம். பெருமளவு சரிதான். எனினும், நூஸ்கேல் நிறுவனத்தின் முதல் வடிவமைப்பில் 12 உலைகளை ஒரே கட்டுப்பாட்டு அறையிலிருந்து நடத்தத் திட்டமிட்டார்கள். ஆட்களைக் குறைக்கும்போது கருவிகள்மீது வைக்கும் நம்பிக்கை கூடவே செய்யும். தவறு நேர்ந்தால் விலகிப்போக இடமும் வேண்டும். செர்னோபில் விபத்துக்குப் பின் அதைச் சுற்றி 30 கிலோமீட்டர் ஆரத்தில் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். கிழக்கிலிருந்து மேற்காக 50 கிலோமீட்டர் அளவே நீளமுள்ள தீவுக்கு அந்த வசதி இல்லை.

இன்னும் முடிவே எடுக்கவில்லை, இப்போதே எதற்கு என்பார் சிலர். முடிவு வேண்டாம் என்றானாலும் இந்தத் திறன் வீணாகாது. நம் வடக்கிலுள்ள மார்சிலிங்கிலிருந்து நீரிணைக்கு அப்பால் ஜொகூர் பாரு தெரிகிறது. மலேசியாவும் இந்தோனீசியாவும் அணுமின் திட்டங்களைப் பரிசீலிக்கின்றன. அண்டை நாடு உலை கட்டினால், சரியான கேள்வியைக் கேட்கத் தெரிந்தவர்கள் நமக்குத் தேவை. சிங்கப்பூர் அணுசக்தி ஆய்வு, பாதுகாப்புக் கழகத்தின் நிபுணர் எண்ணிக்கையை 100 ஆக்கும் இலக்கு நல்ல தொடக்கம். அவர்களில் ஒரு பகுதியினர் இயற்பியலும் கதிர்வீச்சும் மட்டுமன்றி, பாதுகாப்பு மென்பொருளைச் சரிபார்ப்பதிலும் வாழ்நாள் பயிற்சி பெற வேண்டும்.

திறனோடு சுதந்திரமும் வேண்டும். இந்தியாவின் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் 2019 அக்டோபர் 29ல் இணையத் தாக்குதல் செய்தியை மறுத்த நிர்வாகம், மறுநாளே நிர்வாகப் பணிக்கான கணினி ஒன்றில் தீநிரல் இருந்ததை ஒப்புக்கொண்டது. உலைக் கட்டுப்பாட்டுக்குப் பாதிப்பில்லை என்று அறிவித்தது. அந்த உறுதிமொழியை மக்கள் நம்ப வேண்டுமென்றால், நிலையத்தை நடத்துபவருக்குக் கட்டுப்படாத ஒருவர் அதைச் சரிபார்த்துச் சொல்ல வேண்டும். ஆகவே சிங்கப்பூர் மூன்றைச் சட்டமாக்கட்டும்: மின்சாரக் கொள்கை வகுப்போரிடமிருந்து தனித்து நிற்கும் உரிம அதிகாரம், மூல நிரலையும் அது உருவான ஆவணங்களையும் பார்க்கும் உரிமையை ஒப்பந்தத்துக்கு முன்பே விற்பவர் தரவேண்டும் என்ற விதி, ஆய்வின் முடிவுகளை, பாதுகாப்பு ரகசியம் நீங்கலாக, மக்கள்முன் வைக்கும் கடமை. இம்மூன்றையும் ஏற்க மறுக்கும் நிறுவனத்தின் உலை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நமக்கு வேண்டாம்.