ரேடியேட்டருக்கு மூச்சு விடுங்கள்

சைதாப்பேட்டையில் ஒர்க்‌ஷாப் நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஜீப்பும் மஹிந்திரா தாரும் கொதித்து நிற்பதற்குப் பெரும்பாலும் மலைப்பாதை காரணமில்லை, நாம் மாட்டுகிற சாமான்தான் காரணம்.

கனத்த இரும்பு பம்பர், நடுவில் வின்ச், மேலே வரிசையாக விளக்குகள். எல்லாம் ரேடியேட்டருக்குப் போகும் காற்றை மறிக்கின்றன. நெடுஞ்சாலையில் இது தெரியாது. மே மாத மதியத்தில் எங்கள் சைதாப்பேட்டை மறைமலையடிகள் பாலத்தில் நெரிசலில் ஊர்ந்து பாருங்கள், வெப்பமானி முள் ஏறும். சட்டமும் இவற்றுக்கு எதிர்தான்: இப்படிப்பட்ட முன்பக்கக் கம்பிகள் மீது நடவடிக்கை எடுக்கும்படி 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்குச் சொல்லிவிட்டது.

பெரிய டயர் இன்னும் மோசம். சக்கரத்தைச் சுழற்றவே எஞ்சின் திணறும். 2020-இல் வந்த தாரின் ஆட்டோமேட்டிக் வகையில் அந்தச் சுமையால் டார்க் கன்வெர்ட்டர் வழுக்கும். வீணாகும் சக்தி முழுவதும் கியர் ஆயிலில் சூடாக இறங்கும். 120 டிகிரி தாண்டினால் ஆயில் வேகமாகக் கெடும். கருகல் வாடை வரும்போது உள்ளே கிளட்ச் தட்டுகள் தேய்ந்திருக்கும். அந்தச் செலவைக் கேட்டு இளைஞர்கள் முகம் வாடுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. டயருக்கு முன்னால் தனி ஆயில் கூலரும் வெப்பமானியும் வாங்குங்கள், தம்பி. கொழுக்குமலை மாதிரிக் கற்பாதையில் ஏற்றம் தொடங்கும்போதே நான்கு சக்கரமும் இழுக்கும் குறைவேக கியரான ஃபோர் லோ போட்டுவிடுங்கள்.

ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றவே கூடாது. உப்புப் படிந்து குழாய் அடைக்கும். கூலன்ட்டும் வடித்த நீரும் சரிபாதி போதும். சேற்றுப் பயணம் முடிந்ததும் எஞ்சின் பக்கத்திலிருந்து மெதுவாகத் தண்ணீர் பாய்ச்சி ரேடியேட்டரைக் கழுவுங்கள். வேகமாக அடித்தால் தகடுகள் மடங்கும்.