இங்கிலீஷ் பூச்சாண்டி

சிம்மக்கல் மைய நூலகத்தில் பரீட்சைக்குப் படிக்கும் வாலிபர்களுக்கும் யுவதிகளுக்கும் ஒரு வார்த்தை.

சிவில், மெக்கானிகல் படிப்புகளை அண்ணா பல்கலைக்கழகம் 2010-ம் வருஷம் தமிழிலும் தொடங்கியது. ஆனால் எம்.டெக். சேர்வதற்கான ‘கேட்’ பரீட்சையோ முழுவதும் இங்கிலீஷில்! தமிழில் கற்றவருக்கு இது அநீதிதான்; அதற்காக அஞ்சி ஓடுவானேன்?

100 மார்க்கில் பொதுத் திறனுக்கு 15தான். மொழி அதில் ஒரு பகுதியே. பாக்கி 85-ம் பாடத்துக்கு. எண்ணையே விடையாகக் கேட்கும் வினாக்களில் தவறினாலும் மார்க் குறையாது.

ஆகவே அகராதியை நெட்டுருப் போடாதீர்கள். பழைய வினாத்தாள்களை எடுங்கள். ‘நாட்’, ‘எக்ஸெப்ட்’, ‘அட் லீஸ்ட்’ போன்ற சில்லறைச் சொற்களே ஆளைக் கவிழ்ப்பவை. ஒவ்வொரு வினாவையும் தமிழில் சொல்லிப் பார்த்து, பிறகு கணக்கில் இறங்குங்கள்.

பரீட்சை நடத்துவோருக்கும் ஒரு கேள்வி: பாலம் கட்டத் தெரியுமா என்பதைத் தமிழில் கேட்டால் பாலம் இடிந்தா விழும்?