ஆண்டியின் அம்மாவுக்குப் பெயர் உண்டு

ஆண்டி வார்ஹோல் என்றதும் சூப் டப்பாவும் மர்லின் மன்றோவும்தான் நினைவுக்கு வரும். அதெல்லாம் 1962 வாக்கில் தொடங்கியவை. அதற்கு முன் பத்தாண்டுக்கும் மேலாக அவர் செய்த விளம்பர ஓவியங்களை ‘வயிற்றுப்பாட்டுக்குச் செய்த வேலை’ என்று சொல்லித் தாண்டிப்போவது கலை விமர்சகர்களின் பழைய வழக்கம். காலணி, பூனை, சமையல் குறிப்பு எல்லாம் பெண்கள் சமாச்சாரம்தானே! எனக்கு அந்தத் தாண்டலின் மீதுதான் சந்தேகம். அந்தத் தாள்களில் ஒரு பெண்ணின் கை இருக்கிறது.

1949இல் பிட்ஸ்பர்க்கிலிருந்து நியூயார்க் வந்த இளைஞருக்கு முதல் வேலை கொடுத்தவர் ‘கிளாமர்’ இதழின் கலை இயக்குநர் டினா ஃப்ரெட்ரிக்ஸ். வரையச் சொன்னது பெண்களின் காலணிகளை. 1955 முதல் ஐ. மில்லர் காலணி நிறுவனத்துக்காக நியூயார்க் டைம்ஸில் வந்த விளம்பரங்கள் அவரைப் புகழ்பெற்ற விளம்பர ஓவியராக்கின. மைக் கோடு காய்வதற்குள் இன்னொரு தாளில் ஒற்றியெடுப்பார். கோடு அங்கங்கே விட்டும் திட்டாகவும் விழும். அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் வளைந்து நெளிந்து ஓடும் எழுத்துகள் பலவும் அவருடையவை அல்ல. அவை ஜூலியா வார்ஹோலாவினுடையவை.

ஜூலியா இன்றைய ஸ்லோவாக்கியாவிலுள்ள மிக்கோவா கிராமத்துப் பெண். கணவரை இழந்தவர், 1950களின் தொடக்கத்தில் மகனிடம் வந்து சேர்ந்தார். சமைத்தார், வீட்டைப் பார்த்துக்கொண்டார், மகன் கேட்டபோதெல்லாம் எழுதியும் கொடுத்தார். ஆங்கிலம் அவருக்குச் சரளமில்லை. 1954இல் வந்த பூனைப் புத்தகத்தின் தலைப்பில் ஓர் எழுத்தை விட்டுவிட்டார். மகன் திருத்தாமல் அப்படியே அச்சிட்டார். அம்மாவின் பிழைகூட மகனின் பாணியாகிவிட்டது. பல படங்களில் மகனின் கையொப்பத்தைப் போட்டவரும் அவரே. யோசித்துப் பாருங்கள், தோழிகளே: படத்துக்குச் சந்தையில் விலை சொல்லும் அந்தக் கையொப்பத்தை!

ஜூலியாவே வரைந்த சிறு புத்தகமும் ஒன்று வந்தது, ‘ஹோலி கேட்ஸ்’. அதை உருவாக்கியவர் யார்? ‘ஆண்டி வார்ஹோலின் அம்மா’. மூன்டாக்கின் 1957 இசைத்தட்டு உறையில் அவர் எழுதிய எழுத்துகளுக்கு விருது கிடைத்தது. அங்கேயும் ‘ஆண்டி வார்ஹோலின் அம்மா’தான். தாய்மையைப் போற்றிய செயலாம் இது. மகனின் பெயர் முழுதாக இருக்கிறது, எழுதியவளின் பெயர் மட்டும் இல்லை. இதற்குப் பெயர் போற்றுதலா?

பாசத்தால் செய்தார், சந்தோஷமாகத்தான் செய்தார் என்பார்கள். இருக்கட்டும். சந்தோஷமாகச் செய்தால் வேலை வேலையில்லாமல் போய்விடுமா? அதே ஸ்டூடியோவில் ஒற்றியெடுத்துக் கொடுத்த நேதன் க்ளக்கை எல்லோரும் உதவியாளர் என்றே குறிப்பிடுகிறார்கள். ஜூலியாவைப் பற்றிப் பேசும்போது மட்டும் பூனை, பிழை, கிராமத்து வெகுளித்தனம் என்று கதை சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள்.

ஜூலியா 1972இல் இறந்தார். இனி அந்தக் காலணிப் படங்களையும் பூனைப் படங்களையும் சுவரில் மாட்டும் அருங்காட்சியகங்கள், அவர் எழுதிய ஒவ்வொரு படத்தின் கீழும் இரண்டாவது வரி ஒன்றைச் சேர்க்கட்டும்: எழுத்து, ஜூலியா வார்ஹோலா. அவர் கையொப்பமிட்டவற்றில் அதையும் சொல்லட்டும்.