மூச்சு வாங்கினால் பார்த்துக்கொள்ளலாமா?

டென்னசியின் ஓக் ரிட்ஜ், கொலராடோவின் ராக்கி ஃபிளாட்ஸ் போன்ற அமெரிக்க அணு ஆயுத ஆலைகளில் வேலை பார்த்தவர்களிடம் பெரிலியம் பரிசோதனை பற்றிப் பேச்செடுத்தால் வரும் பதில் இது: "நல்லாத்தானே இருக்கேன், மூச்சு வாங்கினா அப்புறம் பாத்துக்கலாம்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு அடுக்கப்படும் காரணங்களில் ஒன்றிரண்டு பாதி தேறும், மற்றவை தேறாது.

முதலில், உடம்பில் தொந்தரவு இல்லை என்பது. பெரிலியம் என்ற உலோகத்தின் தூசி உள்ளே போனதும் சிலருடைய வெள்ளணுக்கள் அதைப் பகையாகப் பதிந்துகொள்கின்றன. பிறகு வேலையை விட்டாலும் அந்தப் பதிவு அழிவதில்லை. நுரையீரலில் நுண்கட்டிகள் தோன்றித் தழும்பேற மாதங்களும் ஆகலாம், முப்பது ஆண்டுகளும் ஆகலாம். இருமலும் படியேறும்போது இளைப்பும் அதற்கும் பிறகுதான். ரத்தத்திலிருந்து பிரித்த லிம்போசைட் வெள்ளணுக்களோடு பெரிலிய உப்பைச் சேர்த்து, அவை பெருகுகின்றனவா என்று பார்ப்பதே பரிசோதனை. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாத காலத்திலேயே இதில் தெரிந்துவிடும்.

"நான் ஆபீஸில்தானே இருந்தேன்" என்பது அடுத்தது. ராக்கி ஃபிளாட்ஸில் உலோகத்தைக் கையால்கூடத் தொடாத அலுவலகப் பணியாளர்களுக்கும் காவலர்களுக்கும்கூடப் பாதிப்பு கண்டறியப்பட்டது. 1940களின் இறுதியில் ஒஹையோவின் லொரைன் நகரில் ஆலையைச் சுற்றிக் குடியிருந்தவர்களுக்கே நோய் வந்தது. ஆலைத் துணியை வீட்டில் துவைத்ததாலும் வந்திருக்கிறது. மரபணு வாகு உள்ளவர்களுக்கு மிகக் குறைந்த தூசியே போதும். அதற்காக எல்லோரும் ஓடவேண்டியதில்லை. பெரிலியம் கலந்த செம்பு ஸ்பேனரைக் கையில் பிடித்து வேலை செய்ததோடு சரி என்றால் பயமில்லை. அதை அரைத்தவர், ராவியவர், அந்த இடத்தைப் பெருக்கியவர் கதை வேறு.

"காற்றில் அளவு வரம்புக்குள்தான் இருந்தது" என்பார்கள். அந்த வரம்பு பிறந்த விதத்தைச் சொல்லவேண்டும். மெரில் ஐசன்பட், வில்லர்ட் மேக்கிள் என்ற இருவர் ஒரு டாக்சியில் போகும்போது பேசி முடிவு செய்தது அது. கன உலோகங்களுக்கு அன்றிருந்த அளவை எடுத்து, பெரிலியத்தின் குறைந்த அணு எடைக்கேற்பச் சுருக்கி, பாதுகாப்புக்காக இன்னும் கொஞ்சம் இறக்கினார்கள்: கனமீட்டருக்கு 2 மைக்ரோகிராம். 1949இல் அணுசக்தி ஆணையம் ஏற்றது. 'டாக்சி வரம்பு' என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. அன்றைக்குக் கையிலிருந்த தகவலுக்கு அது கெட்ட ஊகமல்ல. அதையே அரை நூற்றாண்டுக்கு மேல் கட்டிக்கொண்டு அழுததுதான் தவறு. அமெரிக்க எரிசக்தித் துறை 1999இல் தன் ஆலைகளில் 0.2 மைக்ரோகிராம் இருந்தாலே நடவடிக்கை தேவை என்றது. நாட்டின் பொதுச் சட்ட வரம்பு 2017இல்தான் அந்த 0.2க்கு இறங்கியது. ஆக, "வரம்புக்குள்" என்ற பழைய சான்றிதழைப் பத்திரமாக வைத்திருப்பவர் பத்து மடங்கு தூசியை மூச்சில் இழுத்திருக்கலாம்.

பரிசோதனையை நம்பமுடியாது என்ற வாதம் பாதி தேறும். ஒருமுறை மட்டும் செய்தால் பாதிப்புள்ளவர்களில் கால்வாசிப் பேரைத் தவறவிடும். ஒரே ஒரு அசாதாரண முடிவை வைத்தும் தீர்ப்புச் சொல்வதில்லை. மறுபடி எடுத்து உறுதி செய்வார்கள். இது திரும்பச் செய்யச் சொல்லும் வாதமே தவிர, செய்யாமலிருக்கச் சொல்லும் வாதமல்ல.

"குணப்படுத்த மருந்தில்லையே, தெரிந்து என்ன பயன்?" மருந்தில்லைதான், ஸ்டீராய்டு கட்டுப்படுத்தும், அவ்வளவே. ஆனால் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தால் இந்த நோயும் சார்காய்டோசிஸ் என்ற வேறொரு நோயும் ஒன்றுபோலவே இருக்கும். வேலை வரலாறும் இந்த ரத்தப் பரிசோதனையும் இல்லாமல் மருத்துவருக்குப் பிரித்துச் சொல்ல வழியில்லை. அணு ஆயுத ஆலைத் தொழிலாளருக்கு 2000ஆம் ஆண்டுச் சட்டம் தரும் 1,50,000 டாலர் இழப்பீடு பெரிலிய நோய் என்று உறுதியானால் கிடைக்கும். நோய் இன்னும் வராமல், உடல் பெரிலியத்தைப் பதிந்துகொண்ட நிலையில் இருப்பவருக்கும் கண்காணிப்புச் செலவை அச்சட்டம் ஏற்கிறது.

வேலை போய்விடும் என்ற பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளமாட்டேன். 2017 விதிப்படி தொழிலாளியின் எழுத்துச் சம்மதமின்றிப் பரிசோதனை முடிவு முதலாளிக்குப் போகாது. தூசியிடத்திலிருந்து விலக்கப்பட்டால் ஆறு மாதச் சம்பளப் பாதுகாப்பும் உண்டு. ஏழாவது மாதம் என்ன ஆகும் என்று கேட்பவரின் கேள்வி நியாயமானது. ஓய்வுபெற்றவருக்கு அந்தச் சங்கடமில்லை. எரிசக்தித் துறை முன்னாள் தொழிலாளர்களுக்கு 1990களிலிருந்து இலவசமாகவே பரிசோதனை நடத்துகிறது. முதல் முடிவு சரியாக இருந்தாலும் மூன்றாண்டுக்கு ஒருமுறை திரும்பப் போகலாம்.