மழைக்காட்டுக்கு எந்தத் துவக்கு?

நியூசிலாந்தின் தென்தீவில் குடியேறி, அங்குள்ளவர்களோடு மான் வேட்டைக்குப் போகப் பழகிவிட்ட பழைய நண்பர் ஒருவர் அண்மையில் ஒரு கேள்வி கேட்டிருந்தார். பியோர்ட்லாந்துக் காட்டில் வாபிட்டி மான் வேட்டையாடுவதற்கான குலுக்கலில் அவரது குழுவுக்கு இடம் கிடைத்திருக்கிறது. புதிதாக வாங்கும் றைபிள் கருநீலமேற்றிய வழமையான உருக்காக இருக்க வேண்டுமா, ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீலாக இருக்க வேண்டுமா என்பதே கேள்வி. கடைக்காரர் ஸ்ரெயின்லெஸ் துவக்கைக் காட்டி, "இதற்குக் கறள் பற்றிய கவலையே வேண்டாம்" என்றாராம். அந்த வசனம்தான் என்னை எழுத வைத்தது.

முதலில் இடத்தைப் பார்ப்போம். பியோர்ட்லாந்தின் மில்போர்ட் சவுண்டில் ஆண்டுக்கு ஆறாயிரம் மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. வட அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டு 1905 இல் ஜோர்ஜ் சவுண்டில் இறக்கிவிடப்பட்ட வாபிட்டிகளின் வழிவந்தவையே இன்று அங்கு திரிபவை. மார்ச், ஏப்ரலில் கிடாக்கள் குரலெழுப்பும் காலத்தில் படகிலோ ஹெலிகொப்டரிலோ போய் ஒரு வாரத்துக்கும் மேலாகக் கூடாரத்தில் தங்குகிறார்கள். மேலே மழை, கீழே கடலின் உப்புக்காற்று. உடுப்பும் உலராது, துவக்கும் உலராது. பல நாள் அலைச்சலுக்குப் பிறகு கிடைப்பது ஒரேயொரு வெடியாகவும் இருக்கலாம். அந்த நேரத்தில் அடியூசி இறுகி நின்றாலோ, றவை குறி தவறினாலோ, நட்டம் வேட்டைக்காரனுக்கு மட்டுமல்ல. காயம்பட்ட விலங்கு புதருக்குள் புகுந்து நாட்கணக்கில் துடித்துச் சாகும்.

கருநீலம் என்பது வர்ணப்பூச்சு அல்ல. காஸ்டிக் சோடாவும் நைத்திரேற்று உப்பும் கொதிக்கும் தொட்டியில் உருக்கை அமிழ்த்தும்போது அதன் மேற்பரப்பே கரிய இரும்பொட்சைட்டாக மாறுகிறது. வேடிக்கை என்னவென்றால், அதுவும் கறளின் ஒன்றுவிட்ட சகோதரம்தான். மயிரிழையிலும் மிக மெல்லிய அந்தப் படை தானாகத் தண்ணீரைத் தடுப்பதில்லை. எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கிறது, தடுப்பது எண்ணெயே. மழை எண்ணெயைக் கழுவிவிட்டால் ஓர் இரவிலேயே செம்மை படரத் தொடங்கும்.

ஸ்ரெயின்லெஸ் நிச்சயமாக இதைவிட மேல். ஆனால் நம் சமையலறைப் பாத்திரமும் துவக்குக் குழலும் ஒரே உலோகம் என்று எண்ணுவது தவறு. பாத்திரத்தில் பொதுவாகப் பதினெட்டு வீதம் குரோமியமும் எட்டு வீதம் நிக்கலும் உண்டு. குழலுக்குப் பெரும்பாலும் பயன்படும் 416 வகை உருக்கில் குரோமியம் ஏறக்குறைய பதின்மூன்று வீதமே. துளையிடவும் கடையவும் இலகுவாகக் கந்தகமும் சேர்க்கிறார்கள். அதுவே கறளை எதிர்க்கும் வலிமையைக் குறைக்கிறது. உருக்கைக் காக்கும் குரோமிய ஒட்சைட்டுப் படலம் தன்னைத்தானே புதுப்பிக்க ஒட்சிசன் வேண்டும். பிடிக்கும் குழலுக்கும் இடையிலான ஈர இடுக்கில் உப்புத் தண்ணீர் தங்கினால் அங்கே சிறு குழிகள் விழும். வெளியே பளபளப்பு மாறாமலே இருக்கும்.

மேலும், ஸ்ரெயின்லெஸ் என்று விற்கப்படும் பல துவக்குகளில் சுருள்வில், விசைப்பகுதியின் ஊசிகள், தொலைநோக்கியைப் பிடிக்கும் திருகாணிகள் ஆகியவை சாதாரண உருக்கே. கைக்கு எட்டாத இடத்தில் இருப்பவைதான் முதலில் கறள்பிடிக்கின்றன.

இந்த விவாதத்தில் மரத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வால்நட் பிடி ஈரத்தை உறிஞ்சி ஊதிக் குழலை ஒரு பக்கமாக நெருக்கினால் றவை விழும் இடம் மாறிவிடும். இது கறளைவிட மோசம், ஏனெனில் கண்ணுக்குத் தெரியாது. இரண்டில் ஒன்றுக்கு மட்டும் பணம் இருக்குமானால், மரப்பிடியுடன் கூடிய ஸ்ரெயின்லெஸைவிட, செயற்கைப் பிடியுடன் கூடிய கருநீல உருக்கையே நான் தெரிவு செய்வேன்.

நண்பரிடம் பணம் இருக்கிறது, இரண்டையும் வாங்கட்டும். மினுங்காத சாம்பல் மெருகில் ஸ்ரெயின்லெஸ், அதற்குச் செயற்கைப் பிடி. எட்டாம் நாள் இரவு விரல் விறைத்துப்போன மனிதன் துவக்கைத் துடைப்பான் என்று நம்பித் திட்டமிட முடியாது. ஸ்ரெயின்லெஸ் அந்தச் சோம்பலுக்கு ஓரிரு நாள் மன்னிப்புத் தருகிறது. அதற்குமேல் தராது. முந்தைய காலத்தில் .303 றைபிள் வைத்திருந்தவர்கள் சுட்டு முடிந்ததும் குழலுக்குள் கொதிநீர் ஊற்றிக் கழுவினார்கள். அக்காலத் தோட்டாக்களின் தீக்கருவி விட்டுச்சென்ற உப்பு அப்படிக் கரைந்து போனது. இன்றைய தோட்டாக்களில் அந்த உப்பு இல்லை. அதனால் பழக்கமும் போய்விட்டது. ஆனால் கடல் உப்பு அப்படியே இருக்கிறது.

ஆகவே அவருக்குச் சில வார்த்தைகள். மழை உள்ளே போகாமல் குழல்வாயில் மின்கம்பி ஒட்டுநாடாவை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். றவைக்கு முன்னே தள்ளப்படும் காற்றே அதைக் கிழித்துவிடும். குளிர்ந்த துவக்கைச் சூடான குடிலுக்குள் கொண்டுபோனால் உள்ளுறுப்பெல்லாம் வியர்க்கும். பூட்டிப் பாதுகாக்க வழியிருந்தால் குளிரிலேயே வையுங்கள். ஸ்ரெயின்லெஸ் ஒன்றோடொன்று உரசினால் இறுகிப் பற்றிக்கொள்ளும் என்பதால் போல்ட்டின் பூட்டுப் பற்களில் சிறிது கிறீஸ் பூசுங்கள். நுரைப்பஞ்சு வைத்த பெட்டியில் ஈரத் துவக்கை வைத்து வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். வந்த அன்றே, களைப்பைப் பாராமல், குழலைப் பிடியிலிருந்து கழற்றி அடிப்பக்கத்தைப் பாருங்கள். கடைக்காரர் சொன்னது சரியா என்று அங்கே தெரியும்.