கைரேகை கேட்போர் கணக்குக் காட்டட்டும்!

பதிவு என்றால் என்னவென்று வன்னி மக்களுக்கு எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 2009ஆம் ஆண்டில், மூன்று இலட்சத்தை அண்மித்த எம்மவர் செட்டிகுளத்து முட்கம்பி வேலிக்குள் அடைக்கப்பட்டபோது, சோற்றுக்கு முன்னே வந்தது பதிவு. பெயர், பிறந்த ஊர், குடும்பத்தின் தொகை, இயக்கத்தில் இருந்தவர் உண்டா இல்லையா — யாவும் எழுதப்பட்டன. ஊர் திரும்பிய பின்னரும் அது ஓய்ந்ததில்லை. 2011இல் கிளிநொச்சியிலும் யாழ்ப்பாணத்திலும் இராணுவத்தினர் குடும்பங்களைப் பதியத் தொடங்கினர். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் பாராளுமன்ற உறுப்பினர்கள் உயர் நீதிமன்றத்தின் வாயிலைத் தட்டிய பின்னரே, அப்பதிவு நிறுத்தப்படும் என்று சட்டமா அதிபர் தரப்பில் உறுதி கூறப்பட்டது.

பின்னர் காலம் மாறிற்று. பதிவேடு கணினிக்குள் புகுந்தது. 2022இல் எண்ணெய் வரிசையில் நின்ற கமக்காரன், உழவு இயந்திரத்தின் இலக்கத்தையும் தன் அடையாள அட்டை இலக்கத்தையும் கைத்தொலைபேசியில் பதிந்தான். அஸ்வெசும உதவிக்கு விண்ணப்பித்த விதவைத் தாய், வீட்டின் கூரை முதல் வருமானம் வரை கணக்கொப்புவித்தாள். உரமானியம் பெறுவதற்குக் கமநல சேவை நிலையத்தில் வங்கிக் கணக்கிலக்கம் கொடுக்கப்பட்டது. இப்பொழுது எஞ்சியிருப்பவை முகமும் கைவிரலும் கண்ணின் கருவிழியுந்தான். இந்தியா அளிக்க ஒப்புக்கொண்ட 300 கோடி இந்திய ரூபா நன்கொடையில், அவற்றையும் சேர்த்து டிஜிட்டல் அடையாள அட்டை வழங்கப்போகின்றார்களாம்.

கொடுக்கலாகாது என்று நாம் சொல்ல வரவில்லை. துணுக்காயிலும் ஒட்டுசுட்டானிலும் உள்ள ஒருவன், ஒரு பத்திரத்திற்காக மூன்று பஸ் ஏறிக் கந்தோர் கந்தோராக அலைவது ஒழியுமாயின் அதை வரவேற்பவர்களில் நாமே முதல்வர். நாம் கேட்பது வேறு. முன்னர் கொடுத்தவற்றை என்ன செய்தீர்கள்? அதற்குக் கணக்கு எங்கே?

இக்கேள்வியைக் கேட்கும் உரிமை எம்மைவிட எவருக்கு உண்டு? 2009 மே மாதத்தில் வட்டுவாகலில் கணவனையும் பிள்ளையையும் இராணுவத்திடம் கையளித்த பெண்கள் கேட்டதும் ஒரு பதிவேட்டைத்தான். முல்லைத்தீவு நீதவான் மன்றில் நடந்த ஆட்கொணர்வு மனு விசாரணையில், சரணடைந்தோர் பட்டியல் உண்டு என்று இராணுவ அதிகாரி ஒருவரே சாட்சியம் அளித்தார். கொண்டுவரும்படி கட்டளை பிறந்தபோது வந்ததோ புனர்வாழ்வு பெற்றோர் பட்டியல்! 2022 டிசம்பரில் வவுனியா மேல் நீதிமன்றம் அத்தகைய மனுவொன்றில் இராணுவத்தின் பொறுப்பைச் சுட்டித் தீர்ப்பளிக்கும்வரை, அந்தத் தாய்மாரும் மனைவியரும் பட்ட அலைச்சலை எழுத ஏடு போதாது. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20இல் அவர்கள் வீதியோரத்தில் அமர்ந்ததும் அந்தக் கணக்கைக் கேட்டுத்தான். எம்மைக் கண்காணிப்பதற்கு வேண்டிய பதிவேடு என்றால் ஒரு நாளில் தயாராகிறது. எமக்குப் பதில் சொல்ல வேண்டிய பதிவேடு என்றாலோ காணாமற் போய்விடுகிறது. இந்தப் பழக்கம் கணினி வந்ததும் திருந்திவிட்டது என்று நம்புவதற்கு ஏதேனும் சான்று உண்டா?

சான்று எதிர்ப்புறமாகவே இருக்கின்றது. 2021 யூலையில் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையின் தரவுகள் கணினியிலிருந்து அழிந்துபோயின. நாட்டு மக்கள் விழுங்கும் மருந்துகளைப் பற்றிய தரவுகள் அவை! விடயம் குற்றப் புலனாய்வுக்கும் நீதிமன்றத்திற்கும் சென்றது. அடுத்த அடி 2023 ஆகஸ்டில் விழுந்தது. அரசாங்கத்தின் மின்னஞ்சல்களைச் சேமித்து வைக்கும் ‘லங்கா கவர்மென்ட் கிளவுட்’ எனப்படும் பொதுக் களஞ்சியத்துள் கப்பம் கேட்கும் கணினிக் கொள்ளையர் புகுந்தனர். ஏறக்குறைய ஐயாயிரம் மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன; அமைச்சரவை அலுவலகமும் அவற்றுள் அடக்கம். மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான கடிதங்கள் மீளக் கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை? அக்காலப் பகுதிக்கு மாற்றுப் பிரதி வைக்கப்படவில்லை. கொள்ளையர் எவ்வாறு நுழைந்தனர்? 2013ஆம் ஆண்டுக்குரிய பழைய மென்பொருளைப் புதுப்பிக்காமல் வைத்திருந்தனர். இவற்றை எதிரிகள் கட்டிய கதையென்று தள்ளவும் வழியில்லை. பொறுப்பாக இருந்த தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவரகமே ஒப்புக்கொண்ட செய்தி. புதுப்பிக்காமைக்கு அவர்கள் சொன்ன காரணங்களுள் ஒன்று பணமின்மை.

சங்கக்கடை முகாமையாளர்கூட மாதக் கணக்கை இரண்டு கொப்பிகளில் எழுதி வைப்பார். ஒரு நாட்டின் அரசாங்கம் மூன்று மாதத்துக்கு மேலான தன் கடிதங்களுக்கு இரண்டாம் பிரதி வைத்திருக்கவில்லை என்றால், அதை விபத்து என்பதா, நிர்வாகம் என்பதா? 2024ஆம் ஆண்டு முடியும் தறுவாயில், வர்த்தமானியை அச்சிடும் அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளமும், கணினிக் குற்றவாளிகளைப் பிடிக்க வேண்டிய பொலிசாரின் யூடியூப் தளமும் அந்நியர் கையிற் சிக்கின. வேலியே பறிபோன பின் பயிரைப் பற்றி என்ன சொல்ல?

2018 டிசம்பரில் கிளிநொச்சி வெள்ளத்தில் மூழ்கியபோது நிகழ்ந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இரணைமடுவின் வான்கதவுகள் உரிய வேளையில் திறக்கப்பட்டனவா என்ற கேள்வி எழுந்தது. விசாரணைக் குழு வந்தது. பொறியியலாளர்கள் பதில் சொல்ல வேண்டியவர்களாயினர். அக்குழு சரியாக நடந்ததா என்பது வேறு வழக்கு. ஆனால் குளத்திற்கு ஒரு பொறுப்பாளர் உண்டு, நீர்மட்டத்திற்கு ஒரு பதிவு உண்டு, கதவு திறந்த நேரத்திற்கு ஒரு சாட்சி உண்டு என்பதைக் கமக்காரன் அறிவான். தரவு என்னும் குளம் உடைத்தபோது, துருசைப் பூட்டாதிருந்தவர் யார் என்று எவரேனும் எமக்குச் சொன்னார்களா?

இனிச் சட்டத்திற்கு வருவோம். சட்டமியற்றுவதில் கொழும்புக்குச் சோம்பல் என்று கூறுவோர் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தின் வேகத்தைப் பார்க்க வேண்டும். 2023 செப்டெம்பரில் வர்த்தமானியில் வெளிவந்தது. உயர் நீதிமன்றத்தில் மனுக்கள் குவிந்தன. முப்பதுக்கு மேற்பட்ட வாசகங்களைத் திருத்த வேண்டும் என்று நீதிமன்றம் கூறிற்று. 2024 சனவரி 24இல் 108க்கு 62 என்ற வாக்குக் கணக்கில் நிறைவேறியது. பெப்ரவரி முதலாம் நாள் சபாநாயகர் கையொப்பமிட்டார். நீதிமன்றம் சொன்ன திருத்தங்கள் முழுமையாகச் சேர்க்கப்படவில்லை என்று எதிர்க்கட்சிகள் முழங்கின. சபாநாயகர்மீது நம்பிக்கையில்லாப் பிரேரணையும் வந்து தோற்றது. ஐந்தே மாதத்தில் எல்லாம் முடிந்தது. பொய்யென்று கருதப்படும் கூற்றை இணையத்தில் வெளியிட்டவனை ஐந்தாண்டு வரை சிறையிலடைக்க அச்சட்டத்தில் இடமுண்டு. எது பொய் என்பதை ஆராய ஓர் ஆணைக்குழுவும் உண்டு.

இதன் அருகே தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை வைத்துப் பாருங்கள். அது பிறந்தது 2022 மார்ச்சில். எம்முடைய பெயரையும் இலக்கத்தையும் நோயையும் வருமானத்தையும் திரட்டுவோர் — அரசாங்கம் உட்பட — அவற்றைக் காக்கவேண்டும், தவறினால் பதில் சொல்லவேண்டும் என்று கூறுவது அதுவே. அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச் 18இல் உயிர்பெற வேண்டியிருந்தன. அந்நாள் வந்தது, உயிர் வரவில்லை. முன்னைய அறிவித்தலை வர்த்தமானி ஒன்றினால் நீக்கினார்கள். அதே ஆண்டில் திருத்தச் சட்டமும் வந்தது. குறித்த நாள் போய், அமைச்சர் அறிவிக்கும் நாள் என்றாயிற்று. மக்களின் வாய்க்குப் பூட்டுப் போட ஐந்து மாதம். அரசாங்கத்தின் கைக்குக் கணக்குப் போட மூன்று ஆண்டும் போதவில்லை!

அந்தரங்கத்துக்கான உரிமையை அடிப்படை உரிமையெனப் பெயர் சொல்லிக் கூறும் வாசகம் இலங்கை அரசியலமைப்பில் இல்லை என்பதையும் இங்கே நினைவிற் கொள்ளவேண்டும். இந்தியாவில் ஆதார் அட்டை வந்தபோது மக்கள் நீதிமன்றம் சென்றனர். 2017இல் அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு ஆதாரைத் தனியார் நிறுவனங்கள் பயன்படுத்துவதற்கு வரம்பு கட்டியது. அந்த வேலியின்றி அதே மாட்டை எங்கள் வயலில் அவிழ்த்துவிடப் பார்க்கின்றனர்.

அரசாங்கம் எதைக் காக்க விரைகின்றது, எதிலே காசு பார்க்கின்றது என்பதற்கு இன்னுமோர் உதாரணம் இணையச் சூதாட்டம். முன்பு சூதாடுபவன் பட்டணத்துக்குப் போகவேண்டும். இன்று பரந்தனில் வீட்டுத் திண்ணையிலிருந்தே ஆடலாம். விளையாட்டு என்று தொடங்கும். முதலிற் சிறு தொகையை வெல்ல விடும். பின்னர் அட்டை இலக்கத்தைக் கேட்கும். மகன் ஆடுவது தகப்பனின் கைத்தொலைபேசியில். ஹெக்டேயருக்கு 25,000 ரூபா உரமானியம் வந்து விழும் வங்கிக் கணக்கின் இரகசிய இலக்கம் வருவதும் அதே கைத்தொலைபேசிக்குத்தான். போகம் விளையுமுன் உரக்காசு போய்விட்டால் அந்த வீடு எங்கே முறையிடும்?

தமிழ்நாட்டில் கடனில் மூழ்கியோர் உயிர்களை மாய்த்த பின்னர், அங்குள்ள சட்டசபை இணையச் சூதாட்டத்தைத் தடுக்கச் சட்டம் செய்தது. ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேற்றி அனுப்பினார்கள். ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று கூறிச் சென்னை உயர் நீதிமன்றம் அதன் ஒரு பகுதியை விலக்கியது. ஈற்றில் 2025 ஆகஸ்டில் இந்தியப் பாராளுமன்றமே காசு கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடைசெய்தது. அதே ஆண்டில் எங்கள் பாராளுமன்றம் செய்தது என்ன? 17ஆம் இலக்கச் சூதாட்ட ஒழுங்குமுறை அதிகார சபைச் சட்டம்! இணையச் சூதாட்டத்திற்கும் அனுமதிப்பத்திரம் வழங்கும் ஏற்பாடு. சமூகத் தீங்கைக் குறைப்பது நோக்கம் என்று அதில் எழுதியிருப்பதை நாம் மறைக்கவில்லை. ஒழுங்கின்றிக் கிடந்ததை ஓர் அதிகார சபையின் கீழ்க் கொணர்வது ஒன்றுமில்லாததைவிட மேல் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் அக்காலத்திலேயே சூதாட்ட வரியை 15 சதவீதத்திலிருந்து 18 ஆக உயர்த்தியவர்களுக்கு, சூது குறைவதில் எவ்வளவு அக்கறை இருக்கும்? தவறணை வருமானத்தில் மதுவொழிப்புப் பேசிய பழைய கதைதான்.

‘இவையெல்லாம் முன்னையோர் செய்த பாவம்’ என்று இன்றைய ஆட்சியாளர் கூறுவர். கூறட்டும். களஞ்சியம் உடைந்தது முன்னையோர் காலத்தில். வாய்ப்பூட்டுச் சட்டம் வந்ததும் முன்னையோர் காலத்தில். எதிரணியில் இருந்தபோது அச்சட்டத்தை எதிர்த்தவர்கள்தாம் இவர்கள். 2024 நவம்பரில் வன்னித் தேர்தல் மாவட்டத்திலேயே ஏனைய கட்சிகளைவிடக் கூடுதல் வாக்குப் பெற்று இரண்டு ஆசனங்களையும் பெற்றார்கள். எம்மவர் பலர் மாற்றம் வரும் என்று நம்பிப் போட்ட வாக்கு அது. பாராளுமன்றத்தில் 159 ஆசனங்களை வைத்துக்கொண்டும், ஆட்சியின் முதலாண்டு முடியும்வரை அச்சட்டத்தை அவர்கள் நீக்கினார்கள் இல்லை. தரவுப் பாதுகாப்பின் நாளைத் தள்ளிவைத்தது எவருடைய காலம்? சூதாட்டச் சட்டம் எவருடைய கையொப்பம்?

எம்மவர் குறையையும் சொல்லிவிடுகின்றோம். ஊரிலுள்ள கொமியூனிகேசன் கடைக்குப் போனால், அடையாள அட்டையைப் பிரதியெடுக்கக் கொடுத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகின்றவர்களைக் காணலாம். கடைக்காரத் தம்பியே மின்னஞ்சல் திறப்பார். கடவுச்சொல்லும் அவருக்குத்தான் தெரியும். வங்கி அட்டையின் பின்புறத்தில் இரகசிய இலக்கத்தை எழுதி வைப்போரும் உளர். ‘பரிசு விழுந்திருக்கிறது, இலக்கத்தைச் சொல்லுங்கள்’ என்று எவனோ தொலைபேசியில் கேட்டால், படித்த உத்தியோகத்தரே சொல்லிவிடுகின்றார். இது திருந்த வேண்டும். ஆயினும் கமக்காரனின் கவனக்குறைவால் போவது ஒரு வீட்டின் காசு. அரசாங்கத்தின் கவனக்குறைவால் போவது ஒரு நாட்டின் ஏடு. முன்னதைக் காட்டிப் பின்னதை மூடலாகாது.

ஆகவே, எம் பாராளுமன்ற உறுப்பினர்கள் கேட்க வேண்டியது இது: தரவுப் பாதுகாப்புச் சட்டம் முழுமையாக இயங்கும் நாள் வரையில், வன்னியில் ஒருவருடைய கருவிழியும் கணினியில் ஏறலாகாது. செட்டிகுளத்திலும் அதன் பின்னரும் எழுதப்பட்ட பதிவேடுகள் எந்தத் திணைக்களத்தின் கையில் உள்ளன என்பதைச் சபையில் வைக்கவேண்டும். வெளிநாட்டுச் சூதாட்டத் தளங்களுக்குப் பணம் செல்லும் வழியை வங்கிகளில் அடைக்கவேண்டும்.

அவர்கள் கேட்கும்வரை நாம் சும்மா இருக்கவேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எமது கையில் இருக்கின்றது. கமநல சேவை நிலையத்திலோ பிரதேச செயலகத்திலோ உள்ள தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம். ‘நான் கொடுத்த விபரங்கள் எங்கே வைக்கப்பட்டுள்ளன? அவற்றை வேறு எந்தத் திணைக்களம், எந்தப் படைப்பிரிவு, எந்தத் தனியார் நிறுவனம் பார்க்கின்றது? மாற்றுப் பிரதி உண்டா?’ இந்த மூன்று கேள்விகள் போதும். வேலை நாட்கள் பதினான்குக்குள் தருவதா இல்லையா என்று அவர் முடிவு சொல்லியாகவேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதற்கும் மேலே கொழும்பில் ஆணைக்குழு. வட்டக்கச்சியில் ஒருவர், புளியங்குளத்தில் ஒருவர் என்று எழுதினால் கோவைக்குள் புதைத்துவிடுவர். போகம் தொடங்கும்போது ஒவ்வொரு கமக்காரர் அமைப்பும் உரப் படிவத்துடன் இந்தக் கடிதத்தையும் சேர்த்துக் கொடுக்கட்டும். கொடுத்ததற்கு உரிய பற்றுச்சீட்டையும் கேட்டு வாங்கட்டும்.